பெயர் மாறிப்போன இரண்டு ஒலிகள்

ஒலியளவு கூடிக் குறைந்தால் அது ட்ரெமோலோ. சுருதி ஏறி இறங்கினால் விப்ராட்டோ.

கலிபோர்னியாவில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர், 1954இல் தன் ஸ்ட்ரடோகாஸ்டர் கிட்டாரில் சுருதியை அசைக்கும் கம்பிக்கு 'ட்ரெமோலோ' என்று பெயர் வைத்தார். 1960களின் வால்வு அம்ப்ளிஃபயர்களில் ஒலியளவை அசைக்கும் சுற்றுக்கோ 'விப்ராட்டோ' என்று எழுதினார். இரண்டும் தலைகீழ்!

உள்ளே நடப்பது என்ன? ஒரு வால்வு மெதுவான அலையை உண்டாக்கும். அதற்கேற்ப சின்ன நியோன் பல்ப் மின்னும். பக்கத்தில், ஒளி பட்டால் தடை குறையும் ஒரு தடையி. வெளிச்சத்தில் ஒலிச் சமிக்ஞை எர்த்துக்கு வடிந்து சத்தம் குறையும். இருட்டில் மீண்டும் கூடும்.

சுருதி அசைவதே இல்லை. ஆனாலும் பெட்டியில் எழுதியதையே உலகம் இன்றும் சொல்கிறது. நாமும் தலைப்பை மட்டும் வாசித்துப் படிப்பித்தால், பிள்ளைகளுக்குத் தவறையே கடத்துவோம்.