பூட்டுக்குச் சாவியா, சாவிக்குப் பூட்டா?

"பூட்டுக்குச் சாவி போடணுமா, இல்ல சாவிக்குப் பூட்டு போடணுமா தம்பி?"

பஸ் ஸ்டாண்டு ஓரமா குடை விரிச்சு உக்காந்து சாவி போடுற அண்ணன் இப்படிக் கேட்டதும் ஒரு நிமிஷம் முழிச்சேன். நான் கொண்டுபோன பிரச்சனை ரொம்பச் சின்னது. பைக்குக்கு ரெண்டு சைடு பெட்டி, பின்னாடி ஒரு பெட்டி. எல்லாமே செகண்ட் ஹேண்ட், வேற வேற ஆள்கிட்ட வாங்கினது. ஆக, பைக் சாவியோட சேர்த்து கையில நாலு சாவி. கொட்டுற மழையில ரெயின்கோட் எந்தப் பெட்டியில இருக்கு, அந்தப் பெட்டிக்கு எந்தச் சாவின்னு தடவிப் பாத்தவங்களுக்குத்தான் இந்தக் கஷ்டம் புரியும். பைக் சாவி ஒண்ணே எல்லாத்தையும் திறக்கணும். அவ்வளவுதான் கேட்டேன்.

அண்ணன் முதல்ல செஞ்சது, பைக் சாவியை ஒவ்வொரு பெட்டியிலயும் நுழைச்சுப் பாத்தது. திருப்பலை; நுழையுதான்னு மட்டும் பாத்தார். சைடு பெட்டி ரெண்டுலயும் நுழைஞ்சது. பின்பெட்டியில நுழையவே இல்லை. "இது ஆகாது, சாவியோட பள்ளமே வேற" என்று ஓரமா வெச்சுட்டார். மத்த ரெண்டு பூட்டையும் கழற்றி, உள்ளே இருந்த உருளையை வெளியே எடுத்தார். அதுல வரிசையா மெல்லிசான பித்தளைத் தகடுகள், ஒவ்வொண்ணுக்கும் ஒரு குட்டி ஸ்பிரிங். தகட்டுக்கு நடுவுல ஒரு ஓட்டை. அந்த ஓட்டை ஒரு தகட்டுல கொஞ்சம் மேலே, ஒண்ணுல கொஞ்சம் கீழே. சரியான சாவி உள்ளே போனா எல்லாத் தகடும் உருளையோட மட்டத்துக்கு வந்து நிக்கும், உருளை சுத்தும். ஒரு தகடு துருத்திக்கிட்டு நின்னாலும் சுத்தாது. அப்ப, சாவியைத் தொடாம தகடுகளை இடம் மாத்திப் போட்டா அதே பூட்டு வேற சாவிக்குத் திறக்கும்.

கேட்க ரொம்ப சாதாரணமா இருக்கு இல்லையா? ஆனா இந்த யோசனைக்கு மனுஷன் ஆயிரக்கணக்கான வருஷம் காத்திருந்திருக்கான்.

எகிப்து மரப்பூட்டுல தொடங்கி 18-ஆம் நூற்றாண்டு வரைக்கும், பூட்டு எப்படியோ சாவி அப்படி. பூட்டைச் செய்யிறவர் அந்தப் பூட்டோட உள் அமைப்புக்குப் பொருந்துற மாதிரி ஒரு சாவியைச் செஞ்சு கொடுப்பார். சாவி தப்பான கைக்குப் போனா பூட்டையே தூக்கிப் போட வேண்டியதுதான். வாடகைக்குக் குடியிருந்தவங்க காலி பண்ணிட்டுப் போனதும் நாம புதுசா ஒரு பூட்டு வாங்கித் தொங்கவிடுறோமே, அதே கதை. கொட்டகைக்கு இது போதும். ஒரு பேங்க்கோட இரும்புக் கதவுக்கு? வேலையை விட்டுப் போன காஷியர் மெழுகுல ஒரு அச்சு எடுத்து வெச்சிருந்தா?

இந்தப் பயத்துலதான் அமெரிக்காவில் இந்தக் கதை சூடு பிடிக்குது. நியூஜெர்சியில் பெர்த் அம்பாய் என்ற ஊரில் சாலமன் ஆண்ட்ரூஸ் என்று ஒரு டாக்டர். (மனுஷர் வைத்தியம் பாத்த நேரம் போக, 1863-ல் ஆகாயக் கப்பல் ஒண்ணு கட்டிப் பறந்தும் காட்டியிருக்கார். சிலருக்கு மட்டும் எப்படித்தான் நேரம் கிடைக்குதோ!) அவர் 1836 வாக்கில் கொண்டு வந்த பூட்டின் சாவியில் பற்கள் தனித்தனி வளையமா இருக்கும். வரிசையை மாத்தலாம், பூட்டையும் அதுக்கேத்த மாதிரி மாத்தி அமைக்கலாம்.

அவருக்குப் போட்டியா வந்தவர் நியூயார்க்கின் ராபர்ட் நியூவெல். இவர் ஒரு படி மேலே போனார். பூட்டைக் கழற்றவே வேண்டாம். சாவியோட பற்களை மட்டும் இஷ்டப்படி மாத்திப் போட்டுப் பூட்டினா போதும். பூட்டுற அந்த நொடியில் பற்கள் எந்த உயரத்துக்குத் தூக்குதோ, அதை உள்ளே இருக்கிற துண்டுகள் அப்படியே பிடிச்சு வெச்சுக்கும். திறக்கும்போது அதே வரிசை வரணும். நேத்து வரைக்கும் திறந்த வரிசை இன்னிக்குத் திறக்காது. 10 பல் உள்ள சாவியை 36,28,800 விதமா அடுக்கலாம். தினம் ஒரு வரிசை போட்டாலும் ஒன்பதாயிரத்துச் சொச்சம் வருஷம் ஓட்டலாம். இந்தப் பூட்டுக்கு அவர் வெச்ச பெயர் பாராட்டாப்டிக். கிரேக்கச் சொற்களைக் கோத்து வெச்ச பெயர். கண்ணுக்குத் தெரியாம மறைச்சதுன்னு அர்த்தம். இந்தப் பெயரை ஞாபகம் வெச்சுக்குங்க.

இந்தப் பூட்டை விக்கிறதுக்காகத்தான் ஆல்ஃப்ரட் ஹாப்ஸ் 1851-ல் லண்டனுக்குக் கப்பல் ஏறினார். ஹைட் பார்க்கில் கண்ணாடி மாளிகை கட்டி உலகக் கண்காட்சி நடந்த வருஷம். தன்னோட சரக்கு நல்லதுன்னு சொல்றதுக்கு முன்னாடி அடுத்தவன் சரக்கு மோசம்னு காட்டணும் இல்லையா? ஜூலை 22-ஆம் தேதி சாட்சிகளை வெச்சுக்கிட்டு, வெஸ்ட்மின்ஸ்டரில் ஒரு கதவில் இருந்த சப் கம்பெனிப் பூட்டை 25 நிமிஷத்தில் திறந்தார். 1817-ல் போர்ட்ஸ்மவுத் கப்பல் தளத்தில் நடந்த திருட்டுக்கு அப்புறம், திறக்கவே முடியாதுன்னு பெயர் வாங்கின ரகப் பூட்டு அது.

அடுத்தது பிராமா பூட்டு. பிக்காடிலியில் கடைக் கண்ணாடிக்குப் பின்னாடி பல பத்தாண்டுகளாத் தொங்கிக்கிட்டிருந்தது. திறக்கிறவருக்கு 200 கினி பரிசுன்னு கூடவே ஒரு பலகை. ஹாப்ஸுக்கு அது மொத்தம் 51 மணி நேர வேலை. ஒரு மாசத்துல அப்பப்ப உக்காந்து ஆகஸ்ட் கடைசியில் திறந்துட்டார். லண்டன் பத்திரிகைகள் கொதிச்சுப் போச்சு. அத்தனை வருஷம் நிம்மதியாத் தூங்கின ஊர் ராத்திரியோட ராத்திரியா பூட்டை ஆட்டிப் பாக்க ஆரம்பிச்சது.

சரி, ஹாப்ஸ் விக்க வந்த பூட்டு என்ன ஆச்சு? இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். 1850-களின் நடுவில் லைனஸ் யேல் ஜூனியர் என்று ஒருத்தர், முதல்ல ஓவியராகத் தொழில் பாத்து அப்புறம் அப்பா வழியில் பூட்டுக்கு வந்தவர், அந்த பாராட்டாப்டிக் பூட்டின் துவாரம் வழியா உள்ளே பாத்துப் பாத்து மரத்துண்டில் ஒரு சாவி செதுக்கினார். மரத்தில்! அது பூட்டைத் திறந்தது. அதோட விடலை. மரச்சாவியில் ஒரு பல்லை வெட்டி எறிஞ்சுட்டு மறுபடி பூட்டினார். இப்ப அசல் சாவி வேலை செய்யலை. பூட்டும்போது எந்த வரிசையோ அதுதானே திறக்கும்? கண்ணுக்குத் தெரியாதுன்னு பெயர் வெச்ச பூட்டு, கண்ணால பாத்தவன் கிட்ட பாடம் படிச்சுட்டு, சொந்தக்காரரை வெளியே நிறுத்திடுச்சு.

சாவிக்கேத்த மாதிரி மாறுற பூட்டில் இருக்கிற சிக்கல் இதுதான். அது உங்க பேச்சைக் கேக்கும், சரி. வேற யார் பேச்சையும் கேக்காதுன்னு உறுதி வேணுமே. யேல் 1861-லும் 1865-லும் காப்புரிமை வாங்கின உருளைப் பூட்டில் இதுக்கு ஒரு நடுவழி இருக்கு. நம்ம வீட்டுக் கதவுல இன்னிக்கும் இருக்கிறது அதே குடும்பம்தான். உள்ளே சின்னச் சின்னப் பின்கள். அதை மாத்தினா பூட்டு வேற சாவிக்குப் பழகிடும். ஆனா மாத்தணும்னா உருளையை வெளியே உருவணும். வெளியே நிக்கிறவனால சும்மா முடியாது.

தகடு வெச்ச பூட்டு கொஞ்சம் தள்ளி வருது. 1868-ல் ஃபைலோ ஃபெல்டர் ரெண்டு பக்கமும் வெட்டுள்ள சாவியோட ஒண்ணு பதிவு பண்ணினார். ரெண்டே வருஷத்தில் ஹைரம் ஷெப்பர்ட்சன் ஒரு பக்க வெட்டோட அடுத்தது. மலிவு, சின்னது, தூசி தண்ணிக்குத் தாங்கும். 1920-களில் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் கம்பெனி இதைக் காருக்கு அச்சு வார்ப்புல செஞ்சு தள்ளுச்சு. கார்ல இருந்து பைக்குக்கு வந்தது, பைக்குல இருந்து பெட்டிக்கு.

வேடிக்கை என்னன்னா, அந்தக் கம்பெனியோட பூட்டுப் பிரிவு 1995-ல் ஸ்ட்ராட்டெக் என்று தனியாப் பிரிஞ்சது. அதுதான் பின்னாடி போல்ட் என்ற பெயரில் ஒரு பூட்டு கொண்டு வந்தது. உங்க வண்டிச் சாவியை முதல் தடவை அதுல போட்டுத் திருப்பினா பூட்டு அந்தச் சாவியைப் படிச்சுக்கும். ஆனா ஒரே ஒரு தடவைதான். அதுக்கப்புறம் யார் வந்து என்ன சொல்லிக் கொடுத்தாலும் கேக்காது. நியூவெல்லோட யோசனையையும் யேல் கொடுத்த அடியையும் சேர்த்து வெச்சு யோசிச்ச மாதிரி இல்லை?

நம்ம அண்ணன்கிட்ட வருவோம். பைக் சாவியை உருளையில் சொருகி, பழைய தகடுகளையே இடம் மாத்தி அடுக்கிப் பாத்தார். ஆறு இடத்தில் நாலுக்குத்தான் பொருந்துச்சு. "ரெண்டை விட்டுடவா? ஜம்முனு திறக்கும்" என்றார். திறக்கும்தான். யாருக்கு வேணா திறக்கும். தகட்டில் நாலு உயரம்னு வெச்சுக்கிட்டா ஆறு தகட்டுக்கு 4,096 விதம். ரெண்டைக் கழிச்சா வெறும் 256. துருத்துற இடத்தை அரத்தால ராவி விடுறதும் ஏறக்குறைய இதே கதைதான். ராவின தகடு அப்புறம் எந்தச் சாவியையும் கறாராத் தடுக்காது.

"விடாதீங்கண்ணே, ராவவும் வேண்டாம். எவ்வளவு நேரமானாலும் பரவால்லை" என்றேன். என்னை ஒரு மாதிரி பாத்துட்டு, சீட்டுக்கு அடியில் இருந்து ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை எடுத்துக் கவிழ்த்தார். செத்துப் போன பூட்டுகளோட தகடு எல்லாம் அதுல. ஒவ்வொண்ணா எடுத்து உருளையில் போட்டு, சாவியைச் சொருகி, விரல் நுனியால தடவிப் பாத்து, துருத்தினதை ஒதுக்கி... ரெண்டு பூட்டுக்கு முக்கால் மணி நேரம், ரெண்டு டீ.

இப்ப சைடு பெட்டி ரெண்டும் பைக் சாவிக்கே திறக்குது. பின்பெட்டிக்கு மட்டும் தனிச் சாவிதான். ரெயின்கோட்டை அதுல வைக்கிறதில்லை :-)