கிராபீன் மென்படலம்: நுண்பாய்மக் கருவிகளில்

கிராபீன் என்பது, கரிம அணுக்கள் தேன்கூட்டு வடிவில் கோத்து நிற்கும், ஒரே ஓர் அணு தடிமனுள்ள ஏடு. தடிமன் சுமார் 0.34 நானோமீட்டர். தலைமயிர் அளவுக் கால்வாய்களில் திரவம் ஓடும் நுண்பாய்மக் கருவிகளில் இதைத் தடுப்பாகவும் வடிகட்டியாகவும் அழுத்த உணரியாகவும் அமைக்கிறார்கள்.

2008இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஹோன், ஜெஃப்ரி கைசர் குழுவினர், சுமார் ஒரு மைக்ரோமீட்டர் அகலக் குழிகளின் மேல் இந்த ஏட்டைப் பறைத்தோல் போல விரித்து, அணுவிசை நுண்ணோக்கியின் வைர முனையால் நடுவில் அழுத்திக் கிழித்தே பார்த்தனர். விறைப்பைக் குறிக்கும் யங் குணகம் சுமார் 1 டெராபாஸ்கல். வலிமை 130 கிகாபாஸ்கல். வியக்கவைக்கும் எண்கள்தாம். ஆனால் அவை பழுதற்ற சிறு துண்டுக்கு உரியவை. அவற்றை மட்டும் நம்பிக் கருவி செய்ய முடியாது.

ஏடு வளைவதை ஏறக்குறைய எதிர்ப்பதே இல்லை. திரவ அழுத்தத்தில் குமிழாகப் புடைக்கும்போது சுமையைத் தாங்குவது இழுவிசைதான். ஏட்டைத் தாங்கும் அடித்தளத்தின் துளை அகலமாக அகலமாக அந்த இழுவிசை ஏறும். எனவே துளையின் அளவே உயிர்நாடி: 200 நானோமீட்டருக்கும் சிறிய துளைகளின் மேல், 100 பார் அழுத்தத்தையும் ஏடு தாங்கியதை 2017இல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் காட்டினர். பெரிய பரப்பில் சுருக்கங்களிலும் படிக எல்லைகளிலும் கிழிசல் தொடங்கும்.

நனைந்த ஏட்டை உலர்த்துவதும் ஆபத்தான கட்டம். நீர் வற்றும்போது அதன் பரப்பு இழுவிசை ஏட்டைக் குழிக்குள் இழுத்துச் சுவரோடு ஒட்டிவிடும், அல்லது கிழித்துவிடும்.