கண்டியரசிற் கத்தோலிக்கம்: வகக்கோட்டை உணர்த்தும் வரலாறு

மாத்தளை மாவட்டத்தின் வடமேற்குப் புறத்தே, கலேவலைக்கு அண்மையில், வகக்கோட்டை என்னும் சிற்றூர் உளது. அங்கு வாழும் மக்கள் பேசுவது சிங்களம். அவர்தம் நடையும் உடையும் கண்டி நாட்டாரின் நடையும் உடையுமே. ஆயினும் அவர்களுட் பலர் போர்த்துக்கேயக் குடிப்பெயர் தாங்கியவர்; கத்தோலிக்க சமயத்தினர். ஊர் நடுவே புனித அந்தோனியார் கோயில் விளங்குகின்றது. ஆண்டுதோறும் நிகழும் அந்தோனியார் திருவிழாவுக்குப் பல திசைகளினின்றும் யாத்திரிகர் வந்து கூடுவர். பௌத்தம் தழைத்த மலைநாட்டின் உள்ளே, கடற்கரையினின்று நெடுந்தொலைவில், இச்சமயம் எங்ஙனம் வேரூன்றியது? ஆதரிப்பார் இல்லாத காலத்தும் எங்ஙனம் அழியாது நின்றது? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

போர்த்துக்கேயர் இலங்கையின் கரையோரங்களை ஆண்ட காலத்திற் கத்தோலிக்க சமயம் அரசின் துணையோடு பரவியது. யாழ்ப்பாண அரசு 1619 இல் வீழ்ந்தது. 1621 இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் தரைமட்டமாயிற்று. திருக்கோணேச்சரமும் அவ்வாறே இடிக்கப்பட்டது. வாளின் நிழலில் வளரும் சமயத்தின் உண்மை வலிமையை அளந்தறிதல் அரிது. பதவி கருதியும் அச்சங் காரணமாகவும் அதனைச் சார்ந்தோர் எத்துணையர், உள்ளத்தால் ஏற்றோர் எத்துணையர் என்பதை அதிகாரம் நீங்கிய பின்னரே அறியலாகும். அச்சோதனைக் காலம் விரைவில் வந்தது.

கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கன் போர்த்துக்கேயரை ஓட்டுதற்பொருட்டு 1638 இல் ஒல்லாந்தருடன் உடன்படிக்கை செய்தான். கொழும்பு 1656 இலும், மன்னாரும் யாழ்ப்பாணமும் 1658 இலும் ஒல்லாந்தர் கைப்பட்டன. சீர்திருத்தச் சபையினரான ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரை நாட்டினின்று நீக்கினர். குருமாருக்குப் புகலிடம் அளிப்போருக்கு மரணதண்டனை என 1658 இற் கட்டளை பிறப்பித்தனர். கோயில்கள் அவர்தம் தேவாலயங்களாகவும் பள்ளிக்கூடங்களாகவும் மாறின. நேற்றுவரை அரசின் சமயமாய் இருந்தது இன்று குற்றமாயிற்று.

இக்காலத்திற் சைவர் பட்ட துன்பத்தையும் ஈண்டு ஒருங்கு வைத்து நோக்குதல் வேண்டும். ஒல்லாந்தர் ஆட்சியில் உத்தியோகம் பெறவும் மணத்தைப் பதிவு செய்யவும் ஞானஸ்நானம் வேண்டியதாயிற்று. யாழ்ப்பாணத்துச் சைவர் விரத நாளில் உணவுண்ட வாழையிலையை வீட்டிறப்பிற் செருகி மறைத்தனர் என்பது கர்ணபரம்பரைச் செய்தி. போர்த்துக்கேய அதிகாரிக்குப் பசுக் கொடுக்கும் முறை தம்மேல் வந்தபோது, அதற்கு இசையாது இரவோடிரவாக நாடு நீங்கிச் சிதம்பரஞ் சென்றார் திருநெல்வேலி ஞானப்பிரகாசர் என்பர். ஆகவே, ஒரு காலத்திற் சைவர் நின்ற நிலையிலேயே பிறிதொரு காலத்திற் கத்தோலிக்கரும் நின்றனர். இரு சாராரையும் வருத்தியது ஒன்றே. அஃது ஆள்வோர் தம் சமயத்தைக் குடிகள்மேற் சுமத்தியமை.

கரையோரத்தினின்று துரத்தப்பட்ட கத்தோலிக்கருக்குப் புகலிடமாயது கண்டியரசு. இரண்டாம் இராசசிங்கன் தன்பாற் சிறைப்பட்டோரும் அடைக்கலம் புகுந்தோருமாகிய போர்த்துக்கேயரைத் தன் நாட்டிற் குடியேற்றினான். வகக்கோட்டை மக்கள் அவ்வாறு குடியேறியோரின் வழித்தோன்றல்கள் என்பது மரபு. இதற்கு முன்னரே, போர்த்துக்கேயராற் கரையோரத்தினின்று வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுக்கு அரசன் செனரதன் மட்டக்களப்புப் பகுதியில் நிலமளித்தான். பௌத்த மன்னர் பிற சமயத்தாரைப் புரந்த இப்பெருந்தன்மை நம் நாட்டு வரலாற்றிற் போற்றற்குரிய பகுதியாகும்.

நிலம் கிடைத்தது, குருமார் கிடைத்திலர். தலைமுறை மாறியது, மக்கள் தந்தையரின் மொழியை மறந்து சிங்களம் பேசினர், அயலாருடன் மணவுறவு கொண்டனர். செபமும் சடங்கும் தேய்ந்து மறையும் நிலை எய்தியிருந்தன. அந்நிலையிலேதான் கோவையைச் சேர்ந்த யோசே வாஸ் முனிவர் இலங்கைக்கு வந்தார்.

யோசே வாஸ் முனிவர் 1651 இற் பிறந்தவர்; கொங்கணப் பிராமண மரபினர்; 1676 இற் குருப்பட்டம் பெற்றவர்; கோவையிற் குருமார் சிலர் கூடி அமைத்த ஒரட்டோரியன் சபையைச் சேர்ந்தவர். இலங்கைக் கத்தோலிக்கர் குருவின்றித் தவிக்கின்றனர் எனக் கேட்டு, 1687 இல் ஓர் ஏவலாளனுடன் ஏழைக் கூலியாள் போல வேடம் பூண்டு யாழ்ப்பாணத்திற் கரையேறினார். இறங்கியதும் வயிற்றுளைவு நோயால் வீழ்ந்து, இரக்கமுள்ள பெண்ணொருத்தி வார்த்த கஞ்சியால் உயிர் பிழைத்தார். சில்லாலையில் மறைந்திருந்து இரவிலே மக்களைச் சந்தித்தார். 1689 ஆம் ஆண்டுக் கிறிஸ்து பிறப்பு விழா இரவில் ஒல்லாந்தர் கத்தோலிக்கர்மேற் பாய்ந்து பலரைச் சிறைப்படுத்தினர். முனிவர் தப்பிப் புத்தளம் சேர்ந்தார். அங்கிருந்து 1692 இற் கண்டி நோக்கிச் சென்றார்.

கண்டியிலும் அவரை வரவேற்றது சிறையே. போர்த்துக்கேயரின் ஒற்றன் என, அரண்மனையைச் சார்ந்து வாழ்ந்த பிரான்சியச் சீர்திருத்தச் சபையினன் ஒருவன் பழி சாற்றினான். மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் அவரைக் காவலில் வைத்தான். காவலில் இருந்தபடியே அவர் சிங்களங் கற்றார். சிறிய கொட்டிலொன்றைக் கோயிலாக்கி வழிபாடு நடத்தினார். மழையின்றி நாடு வாடியபோது அவர் செபித்தனர் என்றும் மழை பெய்தது என்றும் கத்தோலிக்க மரபு கூறும். 1697 இற் கண்டியில் அம்மைநோய் பரவியது. நோயுற்றோரை உற்றாரும் கைவிட்டுக் காட்டில் விட்டகன்றனர். முனிவரோ அவர்களுக்குக் கொட்டில் அமைத்து, உணவும் மருந்தும் ஊட்டி, இறந்தாரைப் புதைத்தார். இன்ன சமயத்தார் என்ற வேறுபாடு அத்தொண்டில் இல்லை. அதன்பின் அவரை ஒற்றன் எனக் கருதுவார் அருகினர். அரசன் அவர் நாடெங்கும் சென்றுவர இசைந்தான். 1711 சனவரி 16 ஆம் நாள் அவர் கண்டியிலே காலமானார். 2015 சனவரி 14 இற் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பிலே அவரைப் புனிதர் என அறிவித்தார்.

முனிவர் செய்த பணிகளுள் நெடிது நின்றது அவர் வகுத்த ஒழுங்குமுறையே எனலாம். ஒரு குரு ஓரூருக்கு மீண்டும் வர ஓராண்டேனும் செல்லும் என்பதை அவர் அறிந்திருந்தார். ஆதலின் ஊர்தோறும் மூப்பர் ஒருவரையும் அண்ணாவியார் ஒருவரையும் நிறுவினார். மூப்பர் கோயிலையும் மக்களின் ஒழுக்கத்தையும் கண்காணித்தார். அண்ணாவியார் சிறுவருக்குச் செபங் கற்பித்தார். ஞாயிறுதோறும் மக்களைக் கூட்டி வாசித்தார். குருவில்லாத அவசரத்தில் ஞானஸ்நானம் அளிக்கக் கத்தோலிக்க சபை பொதுநிலையினருக்கும் இடங் கொடுக்கின்றது. இவ்வாறு சமயத்தின் பாரம் குருவின் தோளினின்று குடிகளின் தோளுக்கு ஓரளவு மாறிற்று.

வாசித்தற்கு நூல் வேண்டுமன்றோ? அக்குறையை நீக்கியவர் 1705 இல் இலங்கை வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள். தமிழர் இவரைச் சாங்கோபாங்க சுவாமிகள் என வழங்குவர். சிங்களத்திலும் தமிழிலும் வல்லவராய், செபநூல், புராணம், பிரசங்கம், பாடல் எனப் பலவகை நூல்களை அவர் ஆக்கினார். அவை ஏட்டிலே பெயர்த்தெழுதப்பட்டு ஊரூராய்ச் சென்றன. 1742 இல் அவர் போலவத்தையிற் காலமானார்.

மாத்தளைக்கு இச்செய்தியில் ஓர் ஒப்புமை உண்டு. போரும் பஞ்சமும் நாட்டை வருத்திய வட்டகாமணி அபயன் காலத்தில், வாய்வழி வந்த திரிபிடகத்தை மனனஞ் செய்த துறவியர் மாண்டொழிவரோ எனும் அச்சத்தால் அது நூலாக எழுதப்பெற்ற இடம் மாத்தளையை அடுத்த அலுவிகாரை என்பது மரபு. ஓதுவிப்போர் அருகுங் காலத்து ஏடு சமயத்தைக் காக்கும் என்பதை அலுவிகாரைத் துறவியர் உணர்ந்தனர்; பதினேழு நூற்றாண்டுகளுக்கு மேல் கழிந்தபின் சாங்கோபாங்க சுவாமிகளும் அதனையே உணர்ந்தார்.

நரேந்திரசிங்கன் 1739 இல் இறந்தபின் நிலைமை மாறியது. மதுரை நாயக்கர் வழியினனான ஸ்ரீ விசயராசசிங்கன் (1739–1747) அரியணை ஏறினான். பௌத்த மறுமலர்ச்சி தொடங்கிய காலம் அது. கத்தோலிக்க நூல்கள் சில பௌத்தத்தைக் கண்டித்தெழுதியமையும் வெறுப்பை வளர்த்தது என்பதை மறுத்தலாகாது. குருமார் நாட்டினின்று நீக்கப்பட்டனர். கரையோரத்தில் ஒல்லாந்தர், மலைநாட்டில் அரசன் என இருபுறமும் எதிர்ப்பு நேர்ந்தது. வகக்கோட்டை போன்ற ஊர்கள் மறுபடியும் குருவில்லா ஊர்கள் ஆயின.

ஆனால் இம்முறை அவை வெறுங்கையோடு நிற்கவில்லை. மூப்பரும் அண்ணாவியாரும் இருந்தனர். தம் மொழியிலே செபமும் நூலும் இருந்தன. அரசனுக்குரிய ஊழியத்தை வழுவாது செய்து, அயலாருடன் இணங்கி வாழ்ந்து, மாலையில் வீட்டிலே செபஞ் சொல்லி அவர்கள் தம் சமயத்தைப் பேணினர். அயலாரின் வழக்கங்கள் சில அவர்தம் வாழ்விற் கலந்திருத்தலும் இயல்பே. வாளேந்திப் போராடியவர்களல்லர், தியாகிகள் எனப் பெயர் பெற்றவர்களுமல்லர். தந்தை சொன்ன செபத்தை மகனுக்குச் சொல்லிக் கொடுத்தனர். அவ்வளவே அவர்கள் செய்தது. அஃது இல்லையேல் கோயிலும் இல்லை, விழாவும் இல்லை.

1796 இற் கரையோரம் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1806 இல் தேசாதிபதி மெயிற்லன்ட் கத்தோலிக்கருக்கு எதிரான ஒல்லாந்தச் சட்டங்களை நீக்கினான். 1815 இற் கண்டியும் ஆங்கிலேயர் வசமானபின் மலைநாட்டிற்கும் குருமார் தடையின்றிச் சென்றனர். அங்கே தம் வருகைக்குக் காத்திருந்த கத்தோலிக்கரைக் கண்டனர்.

இவ்வரலாற்றினின்று சைவ மாணவர் பெறத்தக்க பயன் யாது? அரசின் ஆதரவு சமயத்துக்கு ஆரவாரத்தை அளிக்கும், ஆயுளை அளிப்பதில்லை. போர்த்துக்கேயர் கோட்டையும் கொத்தளமும் காட்டிப் பரப்பியவற்றுட் பெரும்பகுதி அவர் போனதும் உதிர்ந்தது. கஞ்சியுண்டு காட்டுவழி நடந்த துறவியொருவர் நட்டதோ நின்றது. யாழ்ப்பாணத்துச் சைவத்தைக் காத்தவையும் வீட்டு விரதமும் திண்ணைப் பள்ளிக்கூடமும் புராணபடனமுமே. பின்னர் நாவலர் பெருமான் பள்ளிக்கூடமும் அச்சுக்கூடமும் நிறுவியது அவ்வேரிலிருந்தேயாம். தன் சமயத்தை உறுதியாகப் பற்றி நிற்பவனே பிறன் தன் சமயத்தைப் பற்றி நிற்கும் உறுதியின் அருமையை அறிவான். அவ்வறிவு வாய்த்தால், வகக்கோட்டை அந்தோனியார் கோயில் மணியும், அலுவிகாரைக் குகையும், மாத்தளை முத்துமாரியம்மன் தேரும் ஒரே மாவட்டத்தின் செல்வங்கள் என்பது விளங்கும்.