கட்டியும் கருவும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை, கர்ப்பாசயத்தில் வளரும் நார்க்கட்டிக்காக ஒரு பெண்ணின் வயிற்றைத் திறப்பதென்பது பெரும்பாலும் அவளை யமனிடம் ஒப்படைப்பதாகவே முடிந்தது. 1843-ல் மான்செஸ்டர் நகரில் சார்ல்ஸ் கிளே கர்ப்பாசயத்தை அகற்றிய பெண் பிழைக்கவில்லை. 1853-ல் அமெரிக்காவின் லோவெல் நகரத்தில் வால்டர் பர்னம் அகற்றியபோதுதான் நோயாளி உயிர் தப்பினாள். பின்னர் மயக்க மருந்தும் கிருமிநாசினியும் பரவி மரணங்கள் குறைந்தன என்றாலும், கட்டியோடு கர்ப்பாசயத்தையும் சேர்த்தே எடுத்துவிடுவது வழக்கமாக நிலைத்து, பிள்ளைக்கு ஏங்கிய எத்தனையோ பெண்களை மலடியாக்கி வீட்டுக்கு அனுப்பியது.

லண்டன் மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த விக்டர் பானி என்னும் சஸ்திர வைத்தியருக்கு இந்த நஷ்டம் சொந்த வீட்டிலேயே நேர்ந்தது. குழந்தை பிறக்குமுன்னரே கட்டிகளின் காரணமாக அவருடைய மனைவி கர்ப்பாசயத்தை இழந்தார். அந்தத் துக்கத்தை ஆயுட்காலப் பணியாக மாற்றிக்கொண்ட பானி, கர்ப்பாசயத்துக்குச் செல்லும் ரத்தக் குழாய்களைச் சற்று நேரம் இறுக்கிப் பிடிக்கும் ஒரு கிடுக்கியை அமைத்து, கட்டிகளை மட்டும் தோண்டியெடுத்து, கர்ப்பாசயத்தைத் தைத்துச் சீராக்கும் முறையைப் பக்குவப்படுத்தினார். ஒரே கர்ப்பாசயத்திலிருந்து 225 கட்டிகளை அவர் எடுத்ததுண்டு. ஒரு பெண்ணுக்காக அத்தனை பொறுமை காட்டிய கைகளை நினைக்க நெஞ்சு நெகிழ்கிறது.

ஆயினும் கரு தங்கிய பின்னர் இதே கத்தியை எடுப்பது வேறு விஷயம். கர்ப்ப காலத்தில் கட்டிக்குப் போதிய ரத்தம் எட்டாமல் உட்புறம் சிதைந்து சிவந்துபோவதுண்டு. அப்போது நடு மாதங்களில் திடீரென்று தாங்கொணா வலியும் சுரமும் வருவதால், குடல்வால் அழற்சியென்று எண்ணி வயிற்றைத் திறந்துவிட்ட வைத்தியர்கள் உண்டு. கருவுற்ற கர்ப்பாசயத்தில் ரத்தவோட்டம் மிகுதியாகையால், கட்டியில் கைவைத்தால் ரத்தப்பெருக்கும் கருச்சிதைவும் நேரலாம் என்று அனுபவம் உணர்த்தவே, படுக்கையில் ஓய்வும் வலி தணிக்கும் மருந்துமே போதுமென்னும் கொள்கை வேரூன்றியது. கை தேர்ந்த வைத்தியர்கள் கத்தியைக் கீழே வைக்கக் கற்றதை நான் சிறிய வெற்றியாகக் கருதவில்லை.

வயிற்றுக் கட்டிகளை ஒலியலைகளால் ஆராய்ந்த கிளாஸ்கோ நகரத்து இயான் டொனால்டின் கட்டுரை 1958-ல் வெளிவந்தது. அந்த வித்தை பரவியபின், கர்ப்பத்தில் கட்டிகள் எல்லாம் பெருத்துவிடும் என்ற பழைய அச்சமும் தளர்ந்தது. பெரும்பாலானவை அளவில் அதிகம் மாறுவதில்லை. கர்ப்பாசயத்தின் கீழ்ப்பகுதியில் அமைந்து குழந்தையின் வழியை மறிக்கும் கட்டி இருந்தால் சிசேரியன் தேவைப்படுகிறது; அப்போதும் குழந்தையை எடுத்தபின் கட்டியை அப்படியே விட்டுவிடுவதே பலகாலம் மரபாக இருந்துவந்தது.