வாராவாரம் குடிமாறும் கட்டில்

நடுவில் இரண்டாக மடங்கி, மெத்தையை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு நிமிர்ந்து நிற்கும் சக்கரக் கட்டில் அது. ஓட்டல் அறையில் கூடுதலாக ஓர் ஆள் வந்தால் தள்ளிக்கொண்டு வந்து போடுவார்களே, அதே ரகம். அமெரிக்காவில் இந்தக் கட்டில்களில் சில, ஞாயிற்றுக்கிழமைதோறும் வண்டி ஏறி ஒரு தேவாலயத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய்க்கொண்டிருந்தன. கூடவே, அவற்றில் படுக்கும் வீடற்ற குடும்பங்களும்.

ஓட்டம் தொடங்கியது நியூஜெர்சி மாநிலத்தின் யூனியன் கவுண்டியில். நியூயார்க்குக்கு வேலையாகப் போன கேரன் ஓல்சன் என்பவர், தெருவில் இருந்த ஒரு பெண்மணிக்கு சாண்ட்விச் வாங்கிக் கொடுத்தார். பிறகு மகன்களையும் அழைத்துக்கொண்டு போய்க் கொடுக்கலானார். தம் சொந்தப் பகுதியிலேயே குடும்பம் குடும்பமாக வீடில்லாமல் இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் தேவாலயங்களிடம் போய் அவர்களுக்கு இடம் கேட்டார். பத்து மாதத்தில் 11 சபைகள் இசைந்தன. குளிக்கவும் பகலில் இருக்கவும் ஒய்.எம்.சி.ஏ. இடம் தந்தது. 1986 அக்டோபர் 27இல் வேலை தொடங்கியது. மற்ற ஊர்களுக்கும் பரவிய இந்த அமைப்புக்கு 2003 முதல் ஃபேமிலி பிராமிஸ் என்று பெயர்.

கட்டில் ஏன் ஓரிடத்தில் நிற்கவில்லை? எந்தச் சபையாலும் ஆண்டு முழுக்க இடமும் ஆளும் சமையலும் தர முடியாது. ஒரு வாரம் என்றால் முடியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தச் சபையின் முறை வரும். ஒரு நேரத்தில் மூன்று முதல் ஐந்து குடும்பங்கள், அதிகம் போனால் 14 பேர்.

ஞாயிறு ஆராதனை முடிந்து கூட்டம் கலைந்ததும் கட்டில் உள்ளே வரும். அதற்கு வாய்க்கும் இடம் பெரும்பாலும் ஞாயிறு பள்ளி வகுப்பறை. சின்ன நாற்காலிகளை ஓரம் தள்ளிவிட்டு, சுவரில் இருக்கும் நோவாவின் பேழைப் படத்துக்குக் கீழே விரிப்பார்கள். குடும்பத்துக்கு ஓர் அறை. இதில்தான் விஷயமே இருக்கிறது. பல விடுதிகளில் தகப்பனையும் வளர்ந்த மகனையும் தாயோடு தங்க விடுவதில்லை. இங்கே எல்லாரும் ஒரே அறையில். சபையார் சமைத்துக் கொண்டுவந்து கூடவே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். இரவுத் துணைக்குத் தன்னார்வலர் இருவர் அங்கேயே படுப்பார்கள். காலையில் வேன் வரும்: பெரியவர்கள் வேலை, வீடு தேட, பிள்ளைகள் பள்ளிக்கு. இடம் மாறினாலும் பழைய பள்ளியிலேயே தொடர்ந்து படிக்கும் உரிமையை மெக்கின்னி-வென்டோ சட்டம் அவர்களுக்குத் தந்திருக்கிறது.

டிசம்பரில் அறைக்குத் தட்டுப்பாடு. பாடகர் குழுவின் ஒத்திகை, பிள்ளைகளின் நாடகம், தேவதூதர் இறக்கைகள் எல்லாவற்றுக்கும் அதே வகுப்பறைதான் வேண்டும். கிறிஸ்துமஸ் வாரத்தை யார் ஏற்பது என்ற கேள்வியும் வரும். சில ஊர்களில் யூதர்களின் தொழுகைக்கூடம் அதை ஏற்றுக்கொள்கிறது. கிறிஸ்தவர்கள் தங்கள் வீட்டில் பண்டிகை கொண்டாடட்டும் என்று, அந்தப் பண்டிகை இல்லாதவர்கள் கட்டில் விரித்து, சமைத்து, இரவு காவலும் இருக்கிறார்கள். இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

கிறிஸ்துமஸ் பரிசுகளைப் பற்றி அவ்வளவு நல்லதாகச் சொல்ல முடியாது. வாரம் ஒருமுறை மூட்டை கட்டும் தாய்க்குப் பெரிய பொம்மைகளைவிட வாடகை முன்பணமே உதவும். கொடுப்பவர் ஆசையைப் பெறுபவர் சுமக்கக் கூடாது.

குழந்தை வாரத்துக்கொரு கூரையின் கீழ் கண்விழிப்பதும் நல்லதல்ல. ஆனாலும் குடும்பத்தைப் பிரிப்பதைவிட மேல் என்று பல்லாண்டுகள் அப்படியே நடந்தது. 2020இல் கொரோனா வந்ததும் சுற்று நின்றது. பல கிளைகள் குடும்பங்களை மோட்டல்களிலும் தனி வீடுகளிலும் தங்க வைத்தன; பிறகு பழைய சுற்றுக்குத் திரும்பாமல், நிலையான இடத்தையே வைத்துக்கொண்ட கிளைகளும் உண்டு. சரியான முடிவு. கட்டிலுக்குச் சக்கரம் தேவைப்பட்டதே ஓரிடம் கிடைக்காததால்தான்.

தேவை மட்டும் குறையவில்லை. 2024 ஜனவரியில் அமெரிக்க அரசு எடுத்த ஓரிரவுக் கணக்கில் வீடற்றோர் 7,71,480 பேர். பிள்ளைகளுடன் இருக்கும் குடும்பத்தினரின் எண்ணிக்கை ஒரே ஆண்டில் 39 சதவீதம் கூடியிருந்தது.