பரங்கிமலை பரேட் மைதானமும் ஒரு பரம்வீர் சக்ராவும்

ரொம்ப நாளாக எழுத நினைத்து தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த பதிவு இது. சோம்பேறித்தனம் பாதி, பயம் மீதி. பயம் ஏன் என்பது படிக்கப் படிக்கப் புரியும்.

நமக்கு வேலை சென்னையில், மவுண்ட்-பூந்தமல்லி சாலை பக்கம். தினமும் ஆபீஸ் பஸ் ஆபீசர்ஸ் டிரெய்னிங் அகாடமி மதில் சுவரை ஒட்டித்தான் போகும். மூணு வருஷம் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே தூங்கியிருக்கிறேன். ஒருநாள் பக்கத்து சீட்டு நண்பர் (அவங்க அப்பா ரிட்டயர்டு சுபேதார்) கேட்டார், "உள்ள இருக்கிற பரேட் மைதானத்துக்கு யார் பேர் வச்சிருக்காங்க தெரியுமா?" தெரியாது என்றேன். "பரமேஸ்வரன் டிரில் ஸ்கொயர். பரம்வீர் சக்ரா வாங்கின மேஜர் ராமசாமி பரமேஸ்வரன். தமிழ்க் குடும்பம்தான்யா."

எனக்குச் சுருக்கென்றது. காலேஜில் க்விஸ் டீமில் இருந்தவன் என்று பீத்திக்கொள்கிற ஆள் நான். பரம்வீர் சக்ரா வாங்கிய தமிழர் யார் என்று கேட்டிருந்தால் முகுந்த் வரதராஜன் என்று சொல்லியிருப்பேன். அது தப்பு. மேஜர் முகுந்த் 2014இல் காஷ்மீரில் உயிரிழந்து பெற்றது அசோக சக்ரா. 2024இல் வந்த 'அமரன்' படத்துக்குப் பிறகு நிறைய பேர் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். அசோக சக்ரா, எதிரியோடு நேருக்கு நேர் போரிடும் களத்துக்கு வெளியே காட்டும் வீரத்துக்கு. பரம்வீர் சக்ரா, எதிரியின் முன்னால் களத்தில் காட்டும் வீரத்துக்கு. 1950 ஜனவரி 26 அன்று ஏற்படுத்தப்பட்ட அந்தப் பதக்கத்தை இதுவரை வாங்கியவர்கள் மொத்தமே 21 பேர். கார்கிலுக்குப் பிறகு யாரும் இல்லை. அதை வடிவமைத்த சாவித்ரி கானோல்கர் சுவிட்சர்லாந்தில் பிறந்து, இந்திய ராணுவ அதிகாரியைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கேயே வாழ்ந்தவர். நடுவில் தேசியச் சின்னம், அதைச் சுற்றி இந்திரனின் வஜ்ராயுதம் நாலு. தன் முதுகெலும்பையே ஆயுதத்துக்குக் கொடுத்த ததீசி முனிவர் கதையிலிருந்து எடுத்தது.

சரி, ஆளுக்கு வருவோம்.

பரமேஸ்வரன் பிறந்தது 1946 செப்டம்பர் 13, பம்பாயில். அப்பா கே.எஸ். ராமசாமி, அம்மா ஜானகி. படித்ததெல்லாம் பம்பாய் எஸ்.ஐ.இ.எஸ். பள்ளி, அப்புறம் அதே பெயர் கொண்ட கல்லூரி. 1968இல் சயின்ஸ் டிகிரி. தென்னிந்தியக் குடும்பங்கள் நிறைந்த மாட்டுங்கா பக்கத்துப் பையன், டிகிரி முடித்தவுடன் பேங்க் பரீட்சையோ ரயில்வே பரீட்சையோ எழுதி செட்டில் ஆவதுதான் அந்தக் கால வழக்கம். இவர் 1971இல் ராணுவத்தில் சேர பரங்கிமலைக்கு வந்தார். அப்போது அதற்குப் பெயர் ஆபீசர்ஸ் டிரெய்னிங் ஸ்கூல். 1962 சீனப் போரில் வாங்கிய அடிக்குப் பிறகு, அவசரமாக அதிகாரிகள் வேண்டும் என்று 1963இல் ஆரம்பித்தது. அகாடமி என்று பெயர் மாறியது 1988இல்தான்.

1972 ஜூன் 16 அன்று பயிற்சி முடித்து 15ஆவது மஹார் பட்டாலியனில் சேர்ந்தார். மஹார் ரெஜிமென்ட் பற்றி ஒரு வார்த்தை. பிரிட்டிஷ்காரன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், 'போர்க்குணம் உள்ள சாதிகள்' என்று ஒரு கணக்குப் போட்டு, மஹார் மக்களைப் பட்டாளத்தில் எடுப்பதை நிறுத்திவிட்டான். அண்ணல் அம்பேத்கரின் அப்பா ராம்ஜி சக்பாலே ராணுவத்தில் சுபேதாராக இருந்தவர். அந்தத் தடைக்கு எதிராக அம்பேத்கர் விடாமல் போராடினார். 1941இல் ரெஜிமென்ட் உருவானது. இப்போது அதில் எல்லா மாநிலத்து ஆட்களும் இருக்கிறார்கள். பரமேஸ்வரனை ஜவான்கள் 'பேரி சாகிப்' என்று கூப்பிடுவார்களாம். எட்டு வருஷம் அந்தப் பட்டாலியன். 1987இல் 8ஆவது மஹாரோடு இலங்கைக்குப் போனார்.

இங்கேதான் என் பயம் ஆரம்பிக்கிறது.

போன கிறிஸ்துமஸ் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். எங்க ஊர் புன்னக்காயல். தாமிரபரணி கடலில் சேருகிற இடம். சாயங்காலம் முகத்துவாரம் பக்கம் சித்தப்பா வலையைப் பிரித்துச் சிக்கல் எடுத்துக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து ஒரு கை பிடித்தேன் (உபத்திரவம் செய்தேன் என்பது சரி). பேச்சுவாக்கில் இந்த மாதிரி ஒரு மேஜரைப் பத்தி எழுதப் போறேன் சித்தப்பா என்றேன்.

"எங்க வச்சு செத்தாரு?"

"யாழ்ப்பாணத்துல. எம்பத்தேழுல."

கை நின்றது. "ஏலே, அவரு யாரச் சுடப் போனாரு? அத மொதல்ல எழுது."

கோபமாகச் சொல்லவில்லை. அப்புறம் அரை மணி நேரம் பேசவும் இல்லை. எண்பத்துமூணு ஜூலையில் கொழும்பில் தமிழர்களைக் கொளுத்தியபோது இந்தக் கடற்கரை முழுக்க எப்படி அழுதது என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். கொழும்போடு கொடுக்கல் வாங்கல், போக்குவரத்து எல்லாம் இருந்த கரை இது. நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த பழைய இலங்கைக்கே தம்பபன்னி என்று ஒரு பெயர் உண்டு, எங்கள் ஆற்றின் பெயர்தான் அது. அதனால் இதை நாலு வரியில் தாண்டிப் போக முடியாது. முடிந்தவரை சுருக்கமாகச் சொல்கிறேன்.

1987 மே, ஜூனில் இலங்கை ராணுவம் வடமராட்சியில் பெரிய தாக்குதல் நடத்தியது. ஜூன் 4 அன்று இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் உணவுப் பொட்டலம் போட்டன. ஜூலை 29, ராஜீவ் - ஜெயவர்த்தனா ஒப்பந்தம். அடுத்த நாளே இந்திய அமைதிப்படை போய் இறங்கியது. தமிழர்கள் மாலை போட்டு வரவேற்றார்கள். செப்டம்பர் 26 அன்று உண்ணாவிரதம் இருந்த திலீபன் இறந்தார். அக்டோபர் 5, இலங்கை ராணுவத்தின் பிடியில் பலாலியில் இருந்த புலேந்திரன், குமரப்பா உட்பட 12 பேர் சயனைட் சாப்பிட்டு இறந்தார்கள். அதோடு எல்லாம் உடைந்தது. அடுத்த வாரமே அமைதிப்படைக்கும் புலிகளுக்கும் சண்டை. இந்திய ராணுவம் வைத்த பெயர் 'ஆபரேஷன் பவன்'.

முதல் இரவிலேயே பெரிய அடி. அக்டோபர் 11-12 இரவில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் இறங்கிய 13ஆவது சீக்கிய லைட் இன்பன்ட்ரி வீரர்கள் 30 பேரில் 29 பேர் இறந்தார்கள். கையில் சரியான மேப் கூட இல்லாமல் போன படை அது. எதிரில் இருந்தவர்களில் பலருக்குத் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே இந்தியாதான். அவர்கள் கையில் ஏ.கே.47, நம்மவர் கையில் கனமான எஸ்.எல்.ஆர். ரைபிள். அதே அக்டோபர் 21 அன்று யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் இந்தியப் படை புகுந்ததில் டாக்டர்கள், நர்சுகள், நோயாளிகள் என்று 60 பேருக்கும் மேல் செத்தார்கள். இதையும் சேர்த்து எழுதினால்தான் எழுதியதாக அர்த்தம்.

இப்போது நவம்பர் 25.

யாழ்ப்பாணம் உடுவில் பக்கத்தில் கந்தரோடை என்று ஒரு ஊர். (சும்மா ஊர் இல்லை. ரொம்பப் பழைய ஊர். தோண்டிய இடத்தில் கறுப்பு-சிவப்புப் பானை ஓடுகள் கிடைத்தன. எங்கள் ஆற்றங்கரையில் ஆதிச்சநல்லூரில் கிடைத்த அதே வகை.) அங்கே ஆயுதம் வந்து இறங்கியிருக்கிறது என்று தகவல். மேஜர் பரமேஸ்வரன் தன் ஆட்களோடு தேடப் போனார். தேடிவிட்டுத் திரும்பும்போது, இருட்டில், பதுங்கியிருந்தவர்கள் சுட ஆரம்பித்தார்கள்.

ராணுவத்தில் இருந்த ஒருவர் எனக்கு விளக்கினார். பதுங்கித் தாக்குபவன் இடத்தை முன்கூட்டியே தேர்ந்தெடுத்து வைத்திருப்பான். நீ எங்கே படுப்பாய், எங்கே ஓடுவாய் என்பதெல்லாம் அவன் கணக்கில் ஏற்கெனவே இருக்கும். படுத்தாலும் சாவு, திரும்பி ஓடினாலும் சாவு. அவன் கணக்கில் இல்லாதது ஒன்றுதான், நீ அவனை நோக்கியே வருவது. ஆனால் சுடுகிற துப்பாக்கியை நோக்கிப் போ என்று உடம்புக்குச் சொல்வது லேசுப்பட்ட காரியம் இல்லை. அதை ஒருத்தர் முன்னால் செய்து காட்டினால்தான் மற்றவர்கள் செய்வார்கள்.

பரமேஸ்வரன் செய்து காட்டினார். பதற்றப்படாமல் ஆட்களைக் கூட்டிக்கொண்டு சுற்றி வளைத்து, சுட்டுக்கொண்டிருந்தவர்களின் பின்பக்கமாகப் போய்ப் பாய்ந்தார். அவர்கள் எதிர்பார்க்கவே இல்லை. கைக்குக் கை சண்டை. அந்த நெருக்கத்தில் ஒருவன் அவர் மார்பில் சுட்டான். குண்டு வாங்கிய மனிதர் அவன் கையிலிருந்த ரைபிளையே பிடுங்கி அவனைச் சுட்டு வீழ்த்தினார். அப்படியும் விழுந்து கிடந்த இடத்திலிருந்து உத்தரவு கொடுத்துக்கொண்டே இருந்தார், மூச்சு நிற்கும் வரை. எதிர்த்தரப்பில் 5 பேர் இறந்தார்கள். 3 ரைபிள், 2 ராக்கெட் லாஞ்சர் கிடைத்தன. பொறியில் சிக்கிய அவருடைய ஆட்களுக்கு வழி திறந்தது. அவருக்கு வயது 41.

இலங்கைக்குப் போன படையில் பரம்வீர் சக்ரா பெற்ற ஒரே ஆள் அவர்தான், இறந்த பிறகு. அந்தப் பதக்கச் சான்றிதழில் உள்ளதைத்தான் மேலே என் பாஷையில் சொன்னேன். அதில் இல்லாத ஒன்றும் என் மண்டையில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அன்றைக்கு இருட்டுக்குள் எதிர்ப்பக்கம் போட்ட கூச்சல் தமிழில்தான் இருந்திருக்கும். 8ஆவது மஹார் ஜவான்களில் பலருக்கு அது வெறும் சத்தம். மேஜருக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அதற்கப்புறம் நடந்தது தெரிந்த கதை. 1990 மார்ச்சில் கடைசிக் கப்பல் திரிகோணமலையிலிருந்து கிளம்பியது. 1,100க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் திரும்பவில்லை. செத்த தமிழ்ப் பொதுமக்கள் அதைவிட அதிகம். திரும்பி வந்த படையை வரவேற்க அன்றைய முதல்வர் கருணாநிதி போகவில்லை. தமிழர்களைக் கொன்று வந்த படையை வரவேற்க மாட்டேன் என்பது அவர் நிலை. டெல்லியில் ஆட்சி மாறிவிட்டது, அவர்களும் அந்தப் போரைப் பற்றிப் பேச விரும்பவில்லை. சாதாரண ஜவானுக்கு என்ன புரிந்திருக்கும்? போ என்றார்கள், போனான். வா என்றார்கள், வந்தான். வந்து இறங்கினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

என் கட்சி இதுதான். அந்தப் போரை முடிவு செய்தவர்கள் வேறு. அதற்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். கூட வந்த ஜவான்கள் பொறியில் மாட்டியபோது முதல் ஆளாக எழுந்து போனாரே, அந்த ஒரு காரியத்தை எந்த அரசியலை வைத்தும் என்னால் சின்னதாக்க முடியவில்லை. அதே சமயம் அந்த வீரத்தைக் காட்டி அந்தப் போரை நியாயப்படுத்தவும் மாட்டேன். இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ள முடியும் என்றுதான் நினைக்கிறேன். முடியாது என்பவர்கள் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

எழுதி முடித்ததும் சித்தப்பாவுக்கு போனில் முழுசாகப் படித்துக் காட்டினேன். நடுவில் ஒன்றும் பேசவில்லை. ஆஸ்பத்திரி வரும் இடத்தில் மட்டும் "ம்" என்றார். மார்பில் குண்டு வாங்கிய பிறகு ரைபிளைப் பிடுங்கினார் என்ற இடத்தில், "திரும்பப் படி" என்றார். படித்தேன். "ஆளு ஆளுதான் மக்கா" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பக்கம் செத்தானுவளே அஞ்சு பேரு, அவனுவ பேரு எங்கயாவது போட்டிருக்கா?" என்று கேட்டார்.

நான் படித்த எதிலும் இல்லை சித்தப்பா என்றேன்.

"சரி, வையி. காத்து மாறுது, வள்ளத்தை ஏத்திக் கட்டணும்."

இப்போதும் ஆபீஸ் பஸ் அதே சுவரை ஒட்டித்தான் போகிறது. அந்த இடம் வந்தால் மட்டும் தூக்கம் வருவதில்லை.

பி.கு: 2023 ஜனவரி 23 அன்று அந்தமானில் பெயர் இல்லாமல் இருந்த 21 பெரிய தீவுகளுக்கு, பரம்வீர் சக்ரா பெற்ற 21 பேரின் பெயர்களையும் வைத்திருக்கிறார்கள். மேஜர் பெயரிலும் ஒன்று இருக்கிறது.