மூன்று சதுரங்களும் ஒரு தரையும்

செய்யூரிலும் அதனையடுத்த கடலோரச் சிற்றூர்களிலும் பழைய வீடுகளைப் புதுப்பிப்போர் முதலில் மாற்ற விரும்புவது தரையையே. சுண்ணாம்புத் தளமும் சிமெண்டுத் தளமும் இருந்த இடங்களில், இரண்டடிக்கு நான்கடி அளவுள்ள போர்சலின் ஓடுகள் கூடம் முதல் உள்ளறைகள்வரை ஒரே வரிசையாகப் பதிக்கப்படுகின்றன. கூலியும் நிறமுமே பேசப்படும் இவ்வேலைக்குள் ஆயிரம் ஆண்டுப் பழைமையுடைய ஓர் அறிவு வழக்கு அடங்கியிருப்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

பூசித் தேய்க்கும் தளம் கட்டடத்தின் கோணலை மறைத்துவிடும். கர்நாடக நவாபுகளின் காலத்தில், 18ஆம் நூற்றாண்டில், கடப்பாக்கத்தை அடுத்து எழுந்த ஆலம்பரைக் கோட்டையின் எஞ்சிய மதில்கள் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டவை. சுண்ணாம்புச் சாந்து எவ்வளைவுக்கும் இணங்கும் பொருள். போர்சலின் ஓடோ இணங்குவதில்லை. சிறிய ஓடுகளாயின் பிழையைப் பல இணைப்புகளில் பகிர்ந்துவிடலாம். பெரிய ஓட்டுக்கு இணைப்புகள் குறைவு; அவற்றின் இடைவெளியோ இரண்டு மூன்று மில்லிமீட்டரே. முதல் வரிசை ஓர் ஓட்டின் நீளத்துக்கு இரண்டு மில்லிமீட்டர் சாய்ந்தால், பத்தாம் ஓட்டில், அதாவது நாற்பதடித் தொலைவில், அது இருபது மில்லிமீட்டராக வளர்ந்து நிற்கும். ஆகவே தேர்ந்த கொத்தனார் சுவரை நம்புவதில்லை. வாசற்படிகளினூடே நடுவில் நூல் கட்டி, அதற்கு மூன்றடி, நான்கடி, ஐந்தடி என்னும் அளவால் செங்கோணம் பிடித்து, ஓடுகளைப் பசையின்றிப் பரப்பிப் பார்த்த பின்னரே வெட்டத் தொடங்குகிறார்.

கண்ணளவுக்கும் நிறுவப்பட்ட அளவுக்கும் இடையிலான இவ்வழக்கைப் பத்தாம் நூற்றாண்டிலேயே எடுத்து ஆராய்ந்தவர் அபுல் வஃபா அல்பூஸ்ஜானீ. குராசான் பகுதியின் பூஸ்ஜானில் 940இல் பிறந்து, 959இல் பக்தாத் சேர்ந்த இப்பேரறிஞர், கைவினைஞருக்குத் தேவையான வடிவகணித அமைப்புகள் குறித்துத் தனிநூல் ஒன்று யாத்தார். கணித அறிஞரும் கைவினைஞரும் கூடிய அவையொன்றில், சம அளவுள்ள மூன்று சதுரங்களை வெட்டி ஒரே பெருஞ்சதுரமாக்குவது எவ்வாறு என்னும் வினா எழுந்ததை அவர் அந்நூலில் பதிவு செய்கிறார். கைவினைஞர் காட்டிய வழிகளுள் சில கண்ணுக்குச் சதுரமாகத் தோன்றினும் கணக்குக்கு நிற்கவில்லை.

அவர் காட்டிய வழி எளிது. இரு சதுரங்களை மூலைவிட்டத்தில் வெட்டினால் நான்கு முக்கோணங்கள் கிடைக்கும். மூன்றாம் சதுரத்தை வெட்டாமல் நடுவில் வைத்து, அதன் நான்கு பக்கங்களிலும் முக்கோணங்களின் நீண்ட பக்கம் படியுமாறு, ஒவ்வொன்றையும் ஒரே சுற்றில் ஒரு மூலையிலிருந்து தொடங்கி வைக்க வேண்டும். பிறகு முக்கோணங்களின் செங்கோண முனைகளை நேர்க்கோடுகளால் இணைத்தால், கோட்டுக்கு வெளியே நீளும் துண்டுகள் உள்ளே உள்ள குழிவுகளில் அப்படியே பொருந்தும். ஒரு துணுக்கும் வீணாகாது. ஒரு மயிரிழை இடைவெளியும் எஞ்சாது.

அவர் கைவினைஞரை மட்டும் குறை கூறவில்லை என்பது ஈண்டு கருதத்தக்கது. நிறுவல் அறியாமையால் கைவினைஞர் தவறுகிறார். கைப்பழக்கம் இன்மையால் கணித அறிஞரும் தவறுகிறார் என்பதே அவரது தீர்ப்பு. பிற்காலத்தில் ஈரானிலும் மொரோக்கோவிலும் அந்தலூசிலும் ஓடுகளைத் துண்டுதுண்டாய் வெட்டிச் சுவர்களில் கோலமிட்ட கலையின் மேன்மை, இவ்விரு திறங்களும் ஒன்றை ஒன்று தேடியதன் பயன் எனலாம்.

இவ்வரலாறு நமக்கு இன்று நேரடியாகப் பயன்படும் இடம் ஒன்றுண்டு. அதுவே பள்ளிவாசலின் தரை. ஓடுகளின் இணைப்புக் கோடுகளையே ஸஃப்புக்கு அடையாளமாகக் கொள்வது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. செய்யூரிலிருந்து கிப்லா, நேர் மேற்கிலிருந்து ஏறத்தாழ 19 பாகை வடக்கே சாய்ந்துள்ளது. பழைய கட்டடம் நேர் மேற்கு நோக்கியிருந்து, ஓடுகளும் சுவரையொட்டிப் பதிக்கப்பட்டால், தொழுவோர் சுவரின் கோட்டையே பின்பற்றுவர். சிறு விலகலால் தொழுகை கூடாமற்போகாது என ஹனஃபீ அறிஞர்கள் கூறுவர். ஷாஃபிஈ வழியினர் இதில் கூடுதல் பேணுதல் காட்டுவர். எவ்வாறாயினும், ஒருமுறை பதித்த ஓடு ஒரு தலைமுறையின் வரிசையைத் தீர்மானித்துவிடுகிறது. கிப்லாக் கணக்கின் அடிப்படையான கோள முக்கோணவியலை வளர்த்தவர்களுள் அதே அபுல் வஃபாவும் ஒருவர் என்பது நினைவிற்குரியது.

ஆகவே பள்ளிவாசலின் தரை மாறும் நாளில், ஜமாஅத் பெரியோரும் ஆலிமும் ஓடு பதிப்பவரும் முதல் நூல் கட்டப்படும் முன்னரே ஒன்றுகூடி அமர்தல் வேண்டும். செயலைத் திருத்தமாகச் செய்தலை இத்கான் என நம் மார்க்கம் போற்றுகிறது. பக்தாதின் அவையில் அறிஞரும் கைவினைஞரும் எதிரெதிரே அமர்ந்தனர். நம் ஊர்களில் அவர்கள் ஒரே நூலின் இரு முனைகளையும் பிடித்து நிற்கட்டும்.